குறை சொல்லாத போடியார்

துப்பறிவாளர் அழகரத்தினம் ஒரு வழக்கின் முடிச்சு அவிழப்போகிற நேரத்தில் பேசாமலிருப்பார். முடிச்சு எங்கே இருக்கிறதென்றே தெரியாத நேரத்திலும் பேசாமல்தான் இருப்பார். இரண்டு மௌனத்துக்கும் வித்தியாசம் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஆதம்பாவா.

“சேர், இது ரெண்டாவது மௌனமா?” என்று ஓட்டோக் கண்ணாடியில் பார்த்தபடி கேட்டார் ஆதம்பாவா.

“யோசிக்கிறன்.”

“அப்ப ரெண்டாவதுதான்.”

மட்டக்களப்பு நகரத்தில், ஆஸ்பத்திரியின் பக்கவாட்டில், வாகைமர நிழலில் ஓட்டோ நின்றது. இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் வருசத்து ஆவணி. ஊரே மூக்கையும் வாயையும் மூடித் திரிந்த காலம். துப்பறிகிற தொழிலுக்கு அதைவிட மோசமான காலம் கிடையாது. எதிரே நிற்கிறவன் சிரிக்கிறானா பல்லைக் கடிக்கிறானா என்று ஒரு மண்ணும் விளங்காது. தன் அண்மைக்காலத் தோல்விகளுக்கு அழகரத்தினம் இதைத்தான் காரணமாகச் சொல்லி வந்தார். அதற்கு முந்திய காலத்துத் தோல்விகளுக்கு இன்னும் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

நாவல்களில் வருகிற துப்பறிவாளர்களுக்குக் கறுப்புக் கார் இருக்கும். இடுப்பில் துப்பாக்கி இருக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு அழகிகள் வந்து கண்ணீர் விடுவார்கள். அழகரத்தினத்துக்கு இருந்ததெல்லாம் ஏறாவூர் ஆதம்பாவாவின் பச்சை ஓட்டோவும் சட்டைப்பையில் பிரஷர் குளிசையும்தான். அவருடைய ஆகப்பெரிய வெற்றி, களவு போனதாகச் சொல்லப்பட்ட ஒரு தண்ணி மோட்டரைக் கண்டுபிடித்தது. அது சொந்தக்காரரின் கிணற்றுக்குள்ளேயே கிடந்தது. அதையும் முதலில் கண்டவர் முகம் கழுவப்போன ஆதம்பாவா. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரே பெண்மணி எழுபதைத் தாண்டிய தெய்வானைப்பிள்ளை டீச்சர். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். அழகரத்தினத்துக்கு எட்டாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவர்.

அந்த டீச்சர் இப்போது ஆஸ்பத்திரிப் பக்கக் கதவால் வெளியே வந்தார், காலைக்கூட்டத்துக்கு வருகிற நடையில்.

“என்ன அழகரத்தினம், ரெண்டு நாளா நிழல்ல இருந்துகொண்டு வெயிலை விசாரிக்கிறியா?”

அழகரத்தினம் பதறி இறங்கினார். ஐம்பத்துநாலு வயதிலும் அந்தக் குரலைக் கேட்டால் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும்.

“விசாரணை ஒரு முக்கியமான கட்டத்தில நிக்குது டீச்சர்.”

“நீ கணக்குச் செய்த மாதிரித்தான் இதுவும். விடையை முதல்ல எழுதிப்போட்டு வழியைத் தேடுவாய். விடையை நானே தந்திட்டன். புஸ்பம்தான் என்ட தம்பிக்கு நஞ்சு வெச்சவள். எப்படி வெச்சாள் எண்ட வழியை மட்டும் நீ கண்டுபிடி. பின்னேரம் நான் பொலிசுக்குப் போறன்.”

டீச்சரின் தம்பி கந்தப்போடியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. பெரிய நிலக்காரர், அதாவது போடியார்; கரடியனாற்று வட்டையில் கண்ணுக்கெட்டும் தூரம் அவருடைய வயல். வீடு அமிர்தகழியில், மனைவி புஸ்பத்தின் சீதன வீடு. தலைவர் பதவி ஒன்று எங்கேயாவது சும்மா கிடந்தால் அவருக்கு நித்திரை வராது. கோயில், கமக்காரர் அமைப்பு, மரண உதவிச் சங்கம் எல்லாவற்றுக்கும் தலைவராகி முடித்து, கடைசியாக ஊர்க் கொரோனா தடுப்புக் குழுவுக்கும் தலைவரானார். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, காய்ச்சலை ஒளிக்கிறவன் ஊரைக் கொல்லுகிறவன் என்று மூன்று மாதமாக ஊரை அதட்டினார்.

முந்தநாள் மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தவருக்கு வலக்கை தட்டிலேயே விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, மூளைக்குப் போகிற இரத்தக்குழாயில் அடைப்பு, பாரிசவாதம் என்றார்கள். கொரோனாச் சோதனையும் செய்தார்கள். இல்லை என்று வந்தது.

“டொக்டர்மார் அடைப்பு எண்டுதானே சொல்லினம் டீச்சர்?” என்றார் அழகரத்தினம் மெதுவாக.

“ரத்தத்தைக் கட்டியாக்கிற நஞ்சு இருக்கு. வட்சப்ல வந்தது.”

அதற்குமேல் அப்பீல் இல்லை.

“நான் அண்டைக்கு அந்த வீட்ட போனவள்,” என்று டீச்சர் தொடர்ந்தார். “படலையடியிலயே மீன்கறி நாறுது. அழுகல் நாத்தம். உள்ள போனா, இவன் அந்தக் கறியை ஊத்தி ஊத்தித் திங்கிறான். ஒரு வார்த்தை இல்ல. உப்புக் கொஞ்சம் ஏறினாலே தட்டைத் தூக்கி எறியிறவன். மயக்கி வெச்சுத்தானே அதைத் தீத்தியிருக்கிறாள்? இப்ப பேச்சில்லாமக் கிடந்துகொண்டு, இடக்கையால மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறான். புஸ்பம்ட பேரைச் சொன்னா இன்னும் வேகமாக் காட்டுறான். அந்த நாத்தத்தைத்தான் சொல்றான்.”

“கொரோனாவுக்கு ஊசி போட்டவரா அவர்?” என்று ஆதம்பாவா இடையில் புகுந்தார்.

“முதல் ஆளா நான்தான் போடுவன் எண்டு மேடையில சொன்னவன். அந்த மேடையை விட்டு இன்னும் இறங்கல்ல,” என்றார் டீச்சர்.

நோயாளியோடு நிற்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி அட்டை. அது டீச்சரின் கழுத்தில் தொங்கியது. புஸ்பம் இரண்டு நாளாக வந்து வாசலில் நின்று திரும்பிப் போகிறாள். பின்னேரம் டீச்சர் பொலிசுக்குப் போனால் அவள் வாசலுக்கும் வர ஏலாது.

அழகரத்தினம் ஓட்டோவில் ஏறினார்.

“எங்க சேர்?”

“அமிர்தகழி.”

“இதை ரெண்டு நாளைக்கு முந்தியே செய்திருக்கலாம்.”

“திட்டமிட்டுத்தான் சுணங்கினன்.”

“ஓம். நானும் பாத்த. ரெண்டு நாளும் நல்லா நித்திர கொண்டு திட்டமிட்டீங்க.”

*

வீட்டுப் படலையில் கந்தப்போடியின் பெயர்ப்பலகை மூன்று இருந்தது. மூன்றிலும் தலைவர். புஸ்பம் அடுப்படி வாசலில் இரண்டு கதிரை போட்டு அவர்களை இருத்தினாள். அறுபதுக்குக் கிட்டின மெலிந்த பெண். அழுது முடித்த கண். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதிலேயே இருந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் அடுப்பில் சோறு.

அழகரத்தினம் தொண்டையைச் செருமினார். “அம்மா, நான் ஒரு புலனாய்வாளன். உண்மையைத் தவிர எனக்கு வேற கட்சி இல்ல.”

“தெரியும் தம்பி. தண்ணி மோட்டர்ட ஆள்தானே?”

ஆதம்பாவா வேறு பக்கம் பார்த்தார்.

“அண்டைக்கு அந்த மீன்கறி…”

“செல்வன் மீன். ஆத்துல பிடிச்சதெண்டு காலையில ஒருவன் கொண்டு வந்தான். ஆக்கினன். அவரும் திண்டார், நானும் திண்டன்.”

“நீங்களும் திண்டீங்களா?”

“வேற ஆரு எனக்கு ஆக்கித் தாற? எனக்கும் வயித்தைப் பிரட்டினதுதான். அதை ஆரு கேட்ட?”

“கறியில ஒரு பழுதும் தெரியல்லயா?”

“எனக்குத் தெரியல்ல. அவரும் ஒண்ணும் சொல்லல்ல.” அவளுடைய முகத்தில் இத்தனை துயரத்துக்குள்ளும் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. “அவர் இப்ப மூணு கிழமையா ஒரு குறையும் சொல்றல்ல தம்பி. கலியாணம் கட்டின நாள்ல இருந்து சாப்பாட்டுக்கு முன்னால நான் நடுங்கின நடுக்கம்… இப்பதான் மனிசன் திருந்திட்டார் எண்டு சந்தோசப்பட்டன். அதுக்குள்ள இப்படி.”

அழகரத்தினம் அதை மனதுக்குள் குறித்துக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாததால் புருவத்தை உயர்த்தினார். அர்த்தம் தெரியாத இடங்களில் அவர் அப்படிச் செய்வதுண்டு. முகமூடிக்கு மேல் நடிக்கத் தெரிந்த ஒரே உறுப்பு அதுதான்.

“இதுக்கு முந்தி அவருக்கு ஏதும் வருத்தம் வந்ததா? காய்ச்சல், தடிமன்?”

புஸ்பம் வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும், தென்னைகளுக்கு அப்பால் தெரிந்த மாமாங்கேஸ்வரர் கோபுரத்தின் பக்கம் போய்த் திரும்பியது.

“அதைக் கதைக்க ஏலாது.”

“ஏன்?”

“ஏலாது தம்பி.”

“இருந்ததா, இல்லையா? ஒரு சொல் போதும்.”

“ஏலாது எண்டுதானே சொல்றன்.”

ஆதம்பாவா மூக்கைச் சுருக்கினார். “உம்மா, சோறு அடிப்பிடிக்கிது.”

புஸ்பம் திரும்பிப் பார்த்தாள். பானைக்கு அடியில் கரி வாசம் எழும்பிக் கூரை முழுதும் பரவியிருந்தது. அவள் பானைக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தவள். “ஐயோ, காணல்லயே,” என்று ஓடிப்போய் இறக்கினாள்.

அழகரத்தினம் எழும்பி நின்று, ஒரு பெரிய உண்மையைக் கண்டுகொண்டவரைப்போல ஆதம்பாவாவுக்குக் கண்ணைக் காட்டினார். குற்றமுள்ள மனம் தன் அடுப்பையே கவனிக்காது. எவ்வளவு துல்லியமான கண்டுபிடிப்பு. எவ்வளவு பிழையான கண்டுபிடிப்பு என்பது அவருக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

*

திரும்பும் வழியில், வாவிக்கரையில், தோணிகள் வெயிலில் கிடந்தன. காற்று உப்பும் சேறும் கலந்து அடித்தது. அழகரத்தினம் முகமூடியை இறக்கிவிட்டுத் தன் முடிவை அறிவித்தார்.

“அலரிக்கொட்டை.”

“என்ன சேர் அலரிக்கொட்டைக்கு?”

“அரைச்சுக் கறியில போட்டிருக்கிறாள். காய்ச்சலைப் பத்திக் கேட்டா வாயைத் திறக்கிறாளில்ல. சோறு எரியிறது தெரியாத அளவுக்கு மனசு குழம்பியிருக்கு. டீச்சர் சொன்ன விடை சரி. வழியும் கிடைச்சிட்டு.”

ஆதம்பாவா ஓட்டோவை ஒரு குழியைச் சுற்றி எடுத்தார். “சேர், நான் படிச்ச ஆள் இல்ல. ஆனா நான் ஒருவருக்கு நஞ்சு வெக்கிறதெண்டா கறியை நல்லா ஆக்குவன். தேசிக்காய் புழிஞ்சு, கறுவேப்பிலை தாளிச்சு, தட்டை வழிச்சு நக்கிற மாதிரி. படலையடிக்கே நாறுற கறியில ஆராவது நஞ்சு வெப்பானா? நஞ்சு வேல செய்றதுக்கு முந்தி ஆள் எழும்பி ஓடிருவானே.”

அழகரத்தினத்தின் அலரிக்கொட்டை அந்தக் குழியோடு விழுந்துபோயிற்று. அவர் மௌனமானார். இரண்டாவது மௌனம்.

“அதை விடுங்க,” என்றார் ஆதம்பாவா. “அந்த மனிசன் மூணு கிழம குறை சொல்லல்ல எண்டாவே, அதான் எனக்கு வெளங்கல்ல. நானெல்லாம் ஊட்ட ஆணத்துல உப்புக் கூடினா பக்கத்து ஊட்டுக் கோழிக்கும் சொல்லுவன். ஒரு காலத்துல மட்டும்தான் சொல்லாம இருந்த. ஆனி மாசம் கொரோனா வந்து கெடந்தனே, அப்ப. பொண்டாட்டி பாயாசம் காச்சித் தந்தா. சவுக்காரத் தண்ணி தந்திருந்தாலும் எனக்கு ஒண்டுதான். நல்லாரிக்கி எண்டு சொல்லிச் சொல்லிக் குடிச்ச. அவ என்னையப் பாத்துப் பயந்திட்டா. ரூஹு பிரியப்போகுதாக்கும், அதான் மனிசன் நல்லாக் கதைக்கிறான் எண்டு.”

“நிப்பாட்டு.”

“கதையையா, ஓட்டோவையா?”

“ரெண்டையும்.”

ஓட்டோ நின்றது. அழகரத்தினம் வாவியைப் பார்த்தார். குறை சொல்லாத புருசன். அழுகிய மீன் என்று தெரியாமல் ஆக்கிய பெண்சாதி. முழத் தூரத்தில் எரிந்தும் வாசம் எட்டாத சோறு. மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிற ஒரு கை. எல்லாம் இரண்டு நாளாக அவருடைய மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தன. அவர் கண்ணை எங்கெங்கோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“ஆதம்பாவா, அவள் காய்ச்சல் இல்ல எண்டு சொல்லல்ல. கவனிச்சியா? பொய் சொல்ல நினைச்சவள் ‘இல்ல’ எண்டு ஒரு சொல்லோட முடிச்சிருப்பாள். இவள் ஏலாது எண்டாள்.”

“கோபுரத்தையும் பாத்தா.”

“சத்தியம் பண்ணியிருக்கிறாள். அவர்தான் மாமாங்கேஸ்வரர் முன்னால கொண்டுபோய்ப் பண்ண வெச்சிருப்பார். ஆருக்கும் சொல்லாதே எண்டு.”

இந்தப் பக்கத்தில் பொலிசில் கொடுத்த வாக்குமூலத்தை நாளைக்கு மாற்றிச் சொல்லலாம். நீதவான் முன்னால் சொன்னதையும் ஒரு நல்ல சட்டத்தரணி கிடைத்தால் மாற்றலாம். மாமாங்கத்தில் சொன்னதை மாற்ற ஆளில்லை. நஞ்சு வைத்தவள் என்று பெயரெடுத்து மறியற்சாலைக்குப் போனாலும் புஸ்பம் வாயைத் திறக்கமாட்டாள்.

“அப்ப அவ வாயால வராது,” என்றார் ஆதம்பாவா.

“வாயால வேணாம்,” என்றார் அழகரத்தினம். “கருவாடு எங்க வாங்கலாம்?”

“என்ன கருவாடு?”

“ஆகக் கேவலமானது.”

*

சந்தையில் மழையில் நனைந்து பழுதான சுறாக்கருவாடு ஒன்று கிடைத்தது. கடைக்காரர் அதை விற்க வெட்கப்பட்டு, மனிதருக்கா என்று இரண்டு தரம் கேட்டார். அழகரத்தினம் அதை வாழையிலையில் சுற்றி, வாழைநாரால் கட்டி, மேலே ஒரு செவ்வரத்தம்பூவையும் செருகினார். பிறகு அமிர்தகழிக்குத் திரும்பிப் போனார்கள்.

“அம்மா, ஆஸ்பத்திரிக்கு வாங்க. டீச்சரோட நான் கதைக்கிறன்,” என்று சொல்லிப் பொட்டலத்தைப் புஸ்பத்திடம் நீட்டினார். “இதை ஒருக்கா வெச்சிருங்க.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஆதம்பாவா பிற்பாடு பல பேருக்குச் சொன்னார். அவர் வழி முழுக்கத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினார். அழகரத்தினம் முகமூடிக்கு மேல் கைலேஞ்சியைக் கட்டி, அதற்கு மேல் கையையும் பொத்தி, தன் முழு வாழ்க்கையையும் மறுபரிசீலனை செய்துகொண்டிருந்தார். இரண்டு நாய்கள் வாவிக்கரை வரைக்கும் விரட்டி வந்தன. புஸ்பம் மட்டும் பொட்டலத்தை மடியில் வைத்து, முகமூடியை இறக்கிவிட்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தபடி இருந்தாள்.

வாகைமரத்தடியில் டீச்சர் நின்றார். ஓட்டோ நிற்குமுன்னே சேலைத்தலைப்பு மூக்குக்குப் போயிற்று.

“என்ன இழவு நாத்தம் இது? இவளை ஏன் இஞ்ச கூட்டி வந்தாய்?”

அழகரத்தினம் இறங்கி, முதுகை நிமிர்த்தினார். வாழ்நாள் முழுவதும் காத்திருந்த நேரம் இது. சந்தேக நபர், முறைப்பாட்டாளர், சாட்சி எல்லாரும் ஒரே இடத்தில்.

“டீச்சர், இந்த வழக்கின் மர்ம முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னர், மனித மனத்தின் ஆழங்களை…”

“சுருக்கிச் சொல்லு. நாத்தத்துல சத்தி வருது.”

சுருக்கினார். “அம்மா, உங்கட மடியில இருக்கிறது என்ன?”

புஸ்பம் பொட்டலத்தைப் பார்த்தாள். “கோயில் அருச்சனைப் பொட்டலம்தானே தம்பி. அவருக்கெண்டு செய்த எண்டு நினைச்சன். பூவெல்லாம் வெச்சிருக்கு.”

“மணந்து பாருங்க.”

அவள் அதை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக இழுத்தாள். டீச்சர் ஓட்டோவைப் பிடித்துக்கொண்டார்.

“மணம் தெரியல்ல,” என்றாள் புஸ்பம். சொன்ன பிறகுதான் எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள்.

“நனைஞ்ச சுறாக்கருவாடு,” என்றார் அழகரத்தினம். “அண்டைக்கு மீன் அழுகினதும் இவவுக்குத் தெரியா. உங்கட தம்பிக்கும் தெரியா. அதாலதான் ஒரு வார்த்தையும் சொல்லாமத் திண்டார். மயக்கமும் இல்ல, நஞ்சும் இல்ல. ரெண்டு பேருக்கும் மூக்கு வேல செய்யல்ல. ஒரே வீட்டில ரெண்டு மூக்கு ஒண்டாப் போறதெண்டா…”

“அதெப்படி? அவனுக்குச் சோதிச்சவங்க. கொரோனா இல்ல.”

“ஆரு இஞ்ச கருவாடு கொண்டு வந்த?”

பக்கக் கதவில் ஒரு இளம் டொக்டர் நின்றாள். ஆர்த்திகா என்று மார்பில் பெயர். கந்தப்போடியின் வார்ட்டுக்குப் பொறுப்பானவள். வார்ட்டே யன்னலை மூடச் சொல்லிக் கத்துகிறது என்று வந்தவள். அழகரத்தினம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கருவாட்டை ஆதம்பாவா தூரக் கொண்டுபோய் வைத்தார். டொக்டரின் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

“மூணு கிழமைக்கு முந்தி வந்திருந்தா இப்ப சோதனையில காட்டாம இருக்கலாம்,” என்றாள். “ஆனா மணம் சில பேருக்கு மாசக்கணக்காத் திரும்பாது. ஏன் ஒருத்தரும் இதைச் சொல்லல்ல?”

“கொரோனாவுக்கும் வாதத்துக்கும் என்ன சம்பந்தம் பிள்ள?” என்றார் டீச்சர். குரலில் அதிபர் கொஞ்சம் இறங்கியிருந்தார்.

“நுரையீரல் வருத்தம் எண்டுதான் எல்லாரும் நினைக்கிற. அது ரத்தக்குழாய்ட உள்சுவரையும் பழுதாக்கும். ரத்தம் உறையிற தன்மையும் கூடும். அப்படி உறைஞ்ச ஒரு கட்டி மூளைக்குப் போற குழாயை அடைச்சா இதுதான் நடக்கும். காய்ச்சல் விட்டாப் புறகும் சில கிழமைக்கு அந்த ஆபத்து இருக்கு.”

“அப்ப கொரோனாதான் குற்றவாளி,” என்றார் அழகரத்தினம், வழக்கைக் கட்டி முடிக்கிற அவசரத்தில்.

“அப்படி நான் எழுதித் தர மாட்டன். வயசிருக்கு. பிரஷர் இருக்கு. பிரஷர் கிளினிக்குக்கும் அவர் வரல்ல, வந்தா வாசல்ல சோதிப்பம் எண்டு பயந்தாரோ தெரியா. எல்லாம் சேர்ந்து வந்திருக்கும். ஆனா வந்து போனது உண்மையெண்டா எனக்குத் தெரியவேணும். வேற இடத்திலயும் கட்டி இருக்கா எண்டு பாக்க வேணும். இவங்களையும் சோதிக்க வேணும்.” அவள் புஸ்பத்தின் பக்கம் திரும்பினாள். “அம்மா, அவருக்குக் காய்ச்சல் வந்ததா?”

புஸ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. வாய் திறக்கவில்லை.

“இவவைக் கேக்காதீங்க டொக்டர்,” என்றார் அழகரத்தினம். “இவவுக்கு ஏலாது. சத்தியம் வாங்கின ஆளையே கேளுங்க. பேச்சில்லாட்டியும் விளங்குமெல்லா?”

“விளங்கும்.”

“டீச்சர், நீங்களே கேளுங்க.”

தெய்வானைப்பிள்ளை டீச்சர் சேலைத்தலைப்பை இழுத்துச் செருகினார். பிறகு உள்ளே போனார். வார்ட் கீழ்மாடியில் இருந்தது. மரத்தடியில் நின்றவர்களுக்கு யன்னல் கண்ணாடியால் கட்டில் தெரிந்தது. ஒரு பக்கம் தொங்கிய முகத்தோடு கந்தப்போடி கிடந்தார். டீச்சர் கட்டிலடியில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து ஏதோ கேட்டார்.

இரண்டு நாளாக மூக்கைக் காட்டிய கந்தப்போடியின் கை இப்போது எழும்பவில்லை. கண்ணை மூடினார்.

டீச்சர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை.

“தலைவர் யோசிக்கிறார்,” என்றார் ஆதம்பாவா. “கூட்டத்தைக் கூட்டித்தான் சொல்லுவார்போல.”

மூன்றாம் முறை டீச்சர் கேட்கவில்லை. யன்னல் பக்கம் திரும்பி, வெளியே நிற்கிற புஸ்பத்தைக் கையால் காட்டினார். கந்தப்போடி கண்ணைத் திறந்து பார்த்தார். இரண்டு நாளாக வாசலோடு திரும்பிய பெண்சாதி, வெறுங்காலோடு மரத்தடியில் நின்றாள்.

அந்த இடக்கை மெல்ல எழும்பியது. முதலில் மூக்கைத் தொட்டது. பிறகு நெஞ்சைத் தொட்டது. பிறகு வகுப்பில் வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்த பொடியனுடையதைப்போல மேலே உயர்ந்து, அப்படியே நின்றது. ஒலிபெருக்கி கட்டி ஊரை அதட்டிய தலைவர், ஒரு வார்ட் முழுவதும் பார்த்திருக்க, தன் கையைத் தானே தூக்கிப் பிடித்திருந்தார்.

டொக்டர் ஆர்த்திகா உள்ளே ஓடினாள்.

“நான் ஒண்ணும் சொல்லல்ல,” என்றாள் புஸ்பம், யாருக்கும் இல்லாமல்.

“இல்லம்மா. நீங்க ஒரு சொல்லும் சொல்லல்ல,” என்றார் அழகரத்தினம். “நானே சாட்சி.”

“நானும்,” என்றார் ஆதம்பாவா.

டீச்சர் திரும்பி வர நேரமெடுத்தது. வந்தவர் காலைக்கூட்ட நடையில் வரவில்லை. புஸ்பத்துக்கு முன்னால் வந்து நின்று, கழுத்தில் கிடந்த அனுமதி அட்டையைக் கழற்றப் பார்த்தார். நாடா கொண்டையில் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்தார். அது வரவில்லை. புஸ்பம் எட்டி அதை எடுத்துவிட்டாள்.

“டொக்டர் முதல்ல உன்னையும் பாக்கணுமாம்,” என்றார் டீச்சர். “பாத்துப்போட்டு உள்ள போ. நான் பொலிசுக்குப் போகல்ல.”

“சரி மச்சாள்.”

அழகரத்தினம் அந்த இடத்தில் ஒரு நல்ல வசனம் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தார். ஆதம்பாவா அவருடைய காலை மிதித்தார். அந்த வருசத்தில் அவர் செய்த ஆகச்சிறந்த உதவி அது.

வெயில் சாய்கிற நேரத்தில் புஸ்பம் வார்ட்டுக்குள் போனாள், இரட்டை முகமூடியோடு. டீச்சர் போகாமல் மரத்தடியிலேயே இருந்தார். ஓட்டோவின் பின் இருக்கையில், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவருக்குத் தூரப்பார்வை சரியில்லை.

“என்ன செய்றாள்?” என்று கேட்டார்.

அழகரத்தினம் யன்னலைப் பார்த்தார். “கட்டில்ல இருக்கிறா டீச்சர். கையைப் பிடிச்சிருக்கிறா.”

“பிறகு?”

“கதைக்கிறா.” கொஞ்சம் உற்றுப் பார்த்தார். “இல்ல. விரலை நீட்டி நீட்டி… ஏசுறாபோல. நல்லா ஏசுறா. பக்கத்துக் கட்டில்காரரும் எழும்பி இருந்து பாக்கினம்.”

“இவன் என்ன செய்றான்?”

“கேட்டுக்கொண்டிருக்கிறார்.”

டீச்சர் முகமூடியை நேராக்கிக்கொண்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்தார்.

“ஏசட்டும்,” என்றார். “ஓட்டோவை எடுக்காதீங்க. முடிக்கட்டும்.”